கறுத்தா என்ன? வெந்தா தான் பிரச்சினை!

ரொம்ப நாளா மனசுல கெடந்து பொகஞ்சுட்டு இருந்த விஷயம். இன்னிக்கு ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி, அதனால எழுதிடறேன். படிச்சுட்டு யாரும் ஆட்டோ அனுப்பாதீங்க. அனுப்பினாலும் பெர்த்துக்கு வந்து சேர ரொம்ப நாளாகும் :-)

நமக்கு சொந்த ஊர் வேலூர். வேலூர்னு சொன்னாலே "வெயிலூர்"னு கிண்டல் பண்ணுவாங்க. அக்னி நட்சத்திரத்துல 42 டிகிரியில கோட்டை மைதானத்துல கிரிக்கெட் ஆடின பய நான். மூணு வருஷம் முன்னாடி பொட்டி தட்டுற வேலை ஆஸ்திரேலியாவுல மாத்தலானப்போ எல்லாரும் "அங்க வெயில் ஜாஸ்தியாமே"ன்னு கேட்டாங்க. நான் விட்ட சவுண்டு இருக்கே... "வெயிலா? எனக்கா? வேலூர்க்காரனுக்கா?"

இந்த வாயைத்தான் இன்னிக்கு நானே அடிக்கப் போறேன். கூடவே இன்னும் சில வாய்களையும்.

போன தை மாசம் இங்க நம்மாளுங்க சேர்ந்து ஒரு பூங்காவுல பொங்கல் வெச்சோம். காலையில பத்து மணிக்கு பானை ஏத்தியாச்சு. காஸ் அடுப்புதான், ஆனாலும் பானைக்கு மஞ்சக்கொத்து, கரும்பு எல்லாம் உண்டு. 27 டிகிரி. ஜில்லுனு கடல் காத்து. ஊர்ல மார்கழிக் காலை மாதிரி சுகமா இருந்துச்சு. பசங்க கிரிக்கெட் ஆட ஆரம்பிச்சாங்க. எங்க பையனுக்கு பத்து வயசு. கையில்லாத பனியன், தொப்பி கெடையாது. தங்கமணி கையில சன்ஸ்க்ரீன் ட்யூபோட அவன் பின்னாடியே ஓடினாங்க. அப்போ நம்ம அண்ணாச்சி ஒருத்தர் சொன்னாரு பாருங்க:

"விடும்மா, நம்ம தோலுக்கு எதுக்கு கிரீமு? அதெல்லாம் வெள்ளைக்காரனுக்கு. நாம வெயில்லயே பொறந்து வளந்தவங்க."

நானும் சிரிச்சேன். அதோட நிக்காம தங்கமணிகிட்ட "விடேன், ஆடிட்டு போறான்"னு சொன்னேன்.

அதே நேரத்துல பெண்கள் உக்காந்திருந்த பக்கம் வேற ஒரு படம் ஓடிட்டு இருந்துச்சு. எங்க பொண்ணுக்கு பதிமூணு வயசு, அவளும் பேட்டை தூக்கிட்டு ஓடினா. மூணு மாமிங்க ஒரே குரல்ல, "ஏய், வெயில்ல நிக்காதடி, கறுத்துடுவ!" அவ பேட்டை கீழ போட்டுட்டு வந்து கூரைக்கு கீழ உக்காந்துட்டா.

நாலு மணி நேரம். பையன் வெயில்ல, பொண்ணு நிழல்ல. பையனை கவனிக்க யாருக்கும் தோணல, ஏன்னா ஆம்பளப் பையன் கறுத்தா யாருக்கும் கவலை இல்ல. பொண்ணை எல்லாரும் கவனிச்சாங்க, ஏன்னா அவ கறுத்தா ஊருக்கே கவலை. வெயில்னு வந்தா நமக்குத் தெரிஞ்ச ஒரே அளவுகோல் இதுதான் மக்களே. நிறம். தோல் வேகுதா இல்லையாங்கிற கேள்வியே நம்ம அகராதியில இல்ல.

சூரியனுக்கு பொங்கல் வெச்சு சூரியன்கிட்டயே வாங்கிக் கட்டிக்கிட்ட கதை ராத்திரி ஆரம்பிச்சது. எட்டு மணிக்கு பையன் "தோள் எரியுது"ன்னான். பாத்தேன். செகப்பா ஒண்ணும் தெரியல. மாநிறத் தோல்ல எங்க தெரியப் போவுது? "ஒண்ணுமில்லடா, பேசாம தூங்கு"ன்னு அதட்டினேன். பதினோரு மணிக்கு மல்லாக்க படுக்க முடியாம உக்காந்துகிட்டே அழுதான். தொட்டுப் பாத்தா தோள்பட்டை தோசைக்கல்லு மாதிரி சூடு. காலையில ரெண்டு தோள்லயும் கொப்புளம்.

பத்து வயசுப் பையன் வலிக்குதுன்னு சொன்னப்போ, நம்ம தோலுக்கு அதெல்லாம் வராதுங்கிற வெட்டிப் பெருமையில, அவனை நான் நம்பல. இந்தப் பதிவுக்கு காரணமே அந்த ராத்திரிதான்.

நிற்க. இப்போ அந்த "நம்ம தோலுக்கு ஒண்ணும் ஆகாது" டயலாக்கை கொஞ்சம் பிரிச்சு மேயலாம்.

முதல் விஷயம், சூடு வேற, சுடுறது வேற. நம்மளை வேர்க்க வைக்கிறது வெப்பம். தோலை சுடுறது புற ஊதாக் கதிர். வெப்பமானியில தெரியற டிகிரிக்கும் இதுக்கும் நேரடி சம்பந்தம் இல்ல. அதை அளக்க யூ.வி. இன்டெக்ஸ்னு தனி அளவு இருக்கு. 3 வந்துட்டா பாதுகாப்பு வேணும்னு இங்க சொல்றாங்க. 11-க்கு மேல போனா "அதிதீவிரம்". பெர்த்துல ஜனவரி மதியம் 12 எல்லாம் சர்வ சாதாரணம். காத்து ஜில்லுனு அடிச்சாலும் அதே 12 தான். இங்க கோடை மதியத்துல கடல்லேருந்து வர்ற காத்துக்கு "ஃப்ரீமேன்டில் டாக்டர்"னு செல்லப் பேரே உண்டு. ஒடம்பு சூட்டைத் தணிக்கிற டாக்டர் சரி, ஆனா யூ.வி.யை ஒரு புள்ளி கூட குறைக்காத டாக்டர். எங்களை கவுத்தது அந்த டாக்டர்தான்.

"சென்னையில மட்டும் யூ.வி. இல்லையா?"ன்னு கேப்பீங்க. இருக்கு. சித்திரை உச்சி வெயில்ல அங்கயும் 11, 12 வரும். அப்புறம் ஏன் அங்க நமக்கு இப்படி ஆகல? தோல் கெட்டியா இருந்ததாலயா? இல்லீங்க. ஊர்ல சூடும் யூ.வி.யும் ஜோடியா வரும். 40 டிகிரியில ஒடம்பே "உள்ள போடா"ன்னு விரட்டிடும். மெரினாவுக்கு நாம எப்போ போவோம்? சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல, சுண்டல் திங்க. எவனாவது பகல் பன்னெண்டு மணிக்கு மெரினாவுல சட்டையைக் கழட்டிட்டு படுத்திருக்கானா? இங்க வந்ததும் வெள்ளைக்காரங்களைப் பாத்து காலை பதினோரு மணிக்கு கடற்கரைக்கு கெளம்பிடறோம். ஊர்ல நம்மளைக் காப்பாத்தினது தோல் இல்ல, பழக்கம். அந்தப் பழக்கத்தை ஊர்லயே விட்டுட்டு பெருமையை மட்டும் பொட்டியில கட்டிட்டு வந்துட்டோம்.

இன்னொண்ணு. பூமி சூரியனுக்கு ரொம்ப கிட்ட வர்றது ஜனவரி முதல் வாரத்துல. அதாவது தெற்கு உலகத்துக்கு உச்சக் கோடையில. அதனால ஜூலைல கெடைக்கறதை விட சுமார் 7 சதவீதம் அதிகமா சூரிய சக்தி ஜனவரியில பூமிக்கு வருது. அதோட இங்க காத்துல தூசி, பொகை கம்மி. வடிகட்ட ஒண்ணும் இல்ல. நம்ம பொங்கல் சரியா இந்த நேரத்துல வந்து நிக்குது. தைப்பூசமும் அப்படித்தான். சட்டை இல்லாம, செருப்பு இல்லாம காவடி எடுக்கறோம். பக்தியை குறை சொல்லல சாமி. அதிகாலையில ஆரம்பிச்சு பத்து மணிக்குள்ள முடிச்சா முருகன் கோச்சுக்கவா போறார்?

ரெண்டாவது விஷயம், கறுப்புக்கு காவல் உண்டு, ஆனா அது கோட்டை இல்ல. தோல்ல இருக்கற மெலனின் நிஜமாவே யூ.வி.யை தடுக்கும். 1979-ல வெளியான ஒரு ஆய்வு, ஆப்பிரிக்க வம்சாவளியினரோட கறுத்த மேல்தோலே ஏறத்தாழ 13 எஸ்.பி.எஃப். அளவு பாதுகாப்புதான் தருதுன்னு சொல்லுது. நம்ம மாநிறம் அதை விடக் கீழ. கடையில 13 எஸ்.பி.எஃப். கிரீம் குடுத்தா "என்னய்யா இது, 50 இல்லையா?"ன்னு திருப்பிக் குடுப்போம். ஆனா நம்ம தோலை மட்டும் இரும்புக் கவசம்னு நெனச்சுக்கறோம்! வெள்ளைக்காரங்களை விட மெதுவா வேகும், அவ்வளவுதான். நாலு மணி நேரம் வெச்சா எதுவும் வேகும்.

மூணாவது, நமக்கு செகப்பு தெரியாது. அதனாலயே நமக்கு வரலைன்னு நெனச்சுக்கறோம். நம்ம தோல்ல அறிகுறி வேற. தொட்டா சூடு, இழுத்துப் பிடிச்ச மாதிரி விறைப்பு, சட்டை பட்டா வலி, அரிப்பு, சில நாள் கழிச்சு தோல் உரியறது, அப்புறம் திட்டுத் திட்டா கறுப்பு. அதுவும் ஒடனே தெரியாது. நாலஞ்சு மணி நேரம் கழிச்சு ஆரம்பிச்சு, 12-லேருந்து 24 மணி நேரத்துக்குள்ள உச்சத்துக்கு வரும். வந்த முதல் வருஷம் எனக்கு மூக்கும் பிடரியும் உரிஞ்சுது. "தண்ணி ஒத்துக்கல"ன்னு நெனச்சுட்டு இருந்தேன். எவ்வளவு பெரிய அறிவாளி பாருங்க!

நாலாவது, இதுதான் எனக்கு ரொம்ப கடுப்பைக் கெளப்புறது. "நாங்க வெயில்ல வளந்தவங்க"ன்னு சொல்றவங்க யாரு? என்னை மாதிரி ஏ.சி. பஸ்ல போய் ஏ.சி. ரூம்ல உக்காந்து பொட்டி தட்டினவங்க. நிஜமாவே வெயில்ல வாழறவங்களைப் பாருங்க. வயக்காட்டுல களை எடுக்கற அம்மாங்க சேலைக்கு மேல ஆம்பளைங்க முழுக்கை சட்டையை மாட்டியிருப்பாங்க. தலையில துண்டு, அதுக்கு மேல சும்மாடு. கட்டட வேலை சித்தாளுங்களும் அதே. தாத்தாவுக்கு முண்டாசு. மதியம் மரத்தடி. வெயிலை அறிஞ்சவங்க யாரும் தோலை நம்பல, சட்டையையும் நிழலையும்தான் நம்பினாங்க. அவங்க பேரைச் சொல்லி நாம பனியனோட ஆடறோம்.

ஆஸ்திரேலியாக்காரங்க 1981-லேருந்து ஒரு கார்ட்டூன் கடல்பறவையை வெச்சு "ஸ்லிப், ஸ்லாப், ஸ்லேப்"னு பாட்டு பாடறாங்க. சட்டையை மாட்டு, கிரீமைப் பூசு, தொப்பியைப் போடு. பின்னாடி நிழலைத் தேடு, கண்ணாடி போடுன்னு ரெண்டு சேர்த்துக்கிட்டாங்க. இதுல முக்காவாசி நம்ம களை எடுக்கற அம்மாவுக்கு ஏற்கனவே தெரிஞ்சதுதானே? எந்தப் பறவையும் வந்து பாடல.

இப்போ மாமிங்க பக்கம் வர்றேன். "கறுத்துடுவ" கோஷ்டி.

பொங்கல் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு ஸ்கூல்லேருந்து சேதி வந்துச்சு. பொண்ணு நெட்பால் டீம்லேருந்து பேரை எடுத்துக்கிட்டாளாம். ஏம்மான்னு கேட்டேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "ஜூன்ல சித்தி கல்யாணத்துக்கு ஊருக்குப் போறோம்ல, கறுத்துப் போய் நின்னா ஃபோட்டோல அசிங்கமா இருக்கும்னு பாட்டி சொன்னாங்க."

அவளுக்கு ரொம்பப் பிடிச்ச ஆட்டம்ங்க அது. ஒரு ஃபோட்டோவுக்காக விட்டுட்டா. அதுவும் எங்கம்மா பேச்சைக் கேட்டு. எங்கம்மாவை திட்டவும் முடியல, சும்மா இருக்கவும் முடியல.

ஆக, ஒரே குடும்பத்துல ஒரே வெயில் ரெண்டு புள்ளைங்களை ரெண்டு விதமா அடிச்சிருக்கு. பையனுக்கு தோல்ல கொப்புளம். பொண்ணுக்கு எங்கன்னு நீங்களே சொல்லுங்க. ரெண்டுக்கும் காரணம் சூரியன் இல்ல, நம்ம வாய். ஒரு வாய் "கறுப்புத் தோலுக்கு ஒண்ணும் ஆகாது"ங்குது, இன்னொரு வாய் "கறுப்பு ஆயிடாத"ங்குது. கேக்க எதிரெதிரா இருக்கும், ஆனா ரெண்டும் ஒரே குட்டையில ஊறின மட்டை. ரெண்டுக்குமே தோல்னா கலர்தான்.

இதுக்கு தூபம் போட ஒரு பெரிய வியாபாரமே இருக்கு. பல காலமா செகப்பழகு வித்துட்டு, 2020-ல பேரை மட்டும் மாத்திக்கிட்ட களிம்பு உட்பட. செகப்பாக்கற கிரீம் வேற, வெயில் தடுக்கற கிரீம் வேற. முதல் வகையை வாங்க நம்ம வீடுகள்ல காசு உண்டு. ரெண்டாவதுக்கு "அது எதுக்கு?"

சரி, அதுக்காக நாளைலேருந்து எல்லாரும் முக்காடு போட்டுக்கிட்டு வீட்டுக்குள்ள உக்காருங்கன்னு சொல்ல வரல. அதுவும் தப்பு. கறுத்த தோலுக்கு வைட்டமின் டி தயாரிக்க வெயில் அதிக நேரம் வேணும். இங்க 2024-ல மருத்துவ அமைப்புகளும் புற்றுநோய் அமைப்புகளும் சேர்ந்து ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டாங்க. அதுல தோல் நிறத்தை வெச்சு மூணு பிரிவு. ரொம்ப வெள்ளைத் தோலுக்கு கடுமையான பாதுகாப்பு, மாநிறத்துக்கு நடுவாந்திரம், நல்ல கறுப்புக்கு தினமும் கிரீம் தேவையில்ல, ஆனா நீண்ட நேரம் வெளியில இருந்தா பாதுகாப்பு வேணும். தோல் புற்றுநோயும் நம்ம நிறத்துக்கு ரொம்ப அபூர்வம்தான். இங்க மூணுல ரெண்டு பேருக்கு 70 வயசுக்குள்ள ஏதோ ஒரு தோல் புற்றுநோய் வரும்னு சொல்ற கணக்கு பெரும்பாலும் வெள்ளைத் தோலை வெச்சு வந்தது. அதைச் சொல்லி உங்களை பயமுறுத்த மாட்டேன். கொப்புளமும் வலியும் போதாதா, புற்றுநோய் வந்தாத்தான் அசைவோமா?

அண்ணாச்சியும் இதைத்தான் சொன்னாருன்னு யாரும் கொடி பிடிக்காதீங்க. அவர் சொன்னது "எப்பவுமே வேண்டாம்". இவங்க சொல்றது "எப்போ வேணும்னு தெரிஞ்சுக்கோ". நாலு மணி நேர கிரிக்கெட்டுக்கு வேணும். தெருமுனை கடைக்கு பால் வாங்கப் போக தேவையில்ல.

தெரிஞ்சுக்க சுலபமான வழி: உங்க நிழல் உங்க உயரத்தை விடக் குட்டையா இருந்தா வெயில் சுடற வெயில். கிரீம் பூசினா கஞ்சத்தனம் கூடாது. கை, கால், முகம்-கழுத்து, முதுகு, மார்பு-வயிறுன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு டீஸ்பூன், மொத்தம் ஏழு. வெளிய போறதுக்கு 20 நிமிஷம் முன்னாடி. அப்புறம் ரெண்டு மணிக்கு ஒரு தடவை, நீச்சல் அடிச்சா ஒடனே. காது, பிடரி, பாத மேல்புறம் மறக்காதீங்க. தலை வகிடும் வேகும், தொப்பி போடுங்க. முகத்துல வெள்ளையா சாம்பல் பூசின மாதிரி ஆகுதா? வேற கிரீம் மாத்திப் பாருங்க, ஒட்டு மொத்தமா விட்டுடாதீங்க.

இனி, வெந்த பிறகு நாம பண்ற அட்டகாசம். எங்க வீட்டுல அன்னிக்கு வீடியோ கால்லயும் நேர்லயும் வந்த யோசனைகள்: ஐஸ் கட்டி, டூத் பேஸ்ட், தேங்கா எண்ணெய், கடலை மாவு தேய்ச்சு குளி, எலுமிச்சம்பழம் தடவு "கறுப்பு எடுக்கும்". கடைசியை கவனிச்சீங்களா? புள்ளை வலியில துடிக்குது, அப்பவும் கறுப்பை எடுக்கறதுக்கு வழி! எலுமிச்சை சாறு தடவின தோல் வெயில்ல பட்டா அந்தச் சாறே தனியா ஒரு காயம் பண்ணும்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

பண்ண வேண்டியது இவ்வளவுதான். வெயிலை விட்டு ஒடனே உள்ள வாங்க. குளிர்ச்சியான தண்ணியில குளியல் இல்லன்னா ஈரத் துணி, திரும்பத் திரும்ப. ஐஸ் நேரடியா வேண்டாம். தோல் ஈரமா இருக்கும்போதே வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் இல்லன்னா கத்தாழை ஜெல். நிறைய தண்ணி, மோர். வலிக்கு பாரசிட்டமால் அல்லது ஐப்யூபுரூஃபன், அட்டையில போட்ட அளவுப்படி. புள்ளைங்களுக்கு ஆஸ்பிரின் குடுக்கக் கூடாது. லூசான பருத்திச் சட்டை. கொப்புளத்தை உடைக்காதீங்க, உரியற தோலைப் பிய்க்காதீங்க. ஆறுற வரைக்கும் அந்த எடம் வெயில் படக் கூடாது. கைக்குழந்தைக்கு வந்தாலோ, கொப்புளம் பெருசா பரவினாலோ, காய்ச்சல், குளிர், வாந்தி, தலைசுத்தல், கண் வலி, சீழ் எது வந்தாலும் கத்தாழையோட மல்லுக்கட்டாம நேரா டாக்டர்.

பையனுக்கு ரெண்டு வாரத்துல ஆறிடுச்சு. தோள்ல கறுப்புத் திட்டு மட்டும் கொஞ்ச மாசம் இருந்துச்சு, அதுவும் மங்கிடுச்சு. அவன்கிட்ட மன்னிப்பு கேட்டேன். "பரவால்லப்பா, அடுத்த தடவை நான் சொன்னா நம்பு"ன்னான். பத்து வயசுக்கு இருக்கற தெளிவு நாப்பது வயசுக்கு இல்ல.

பொண்ணு விஷயம் அவ்வளவு சுலபமா ஆறல. எங்கம்மாகிட்ட பேசினேன். "நான் நல்லதுக்குத்தானேடா சொன்னேன்"னாங்க. "தெரியும்மா. இனிமே வெயில்ல போறான்னா கறுத்துடுவன்னு சொல்லாதீங்க, தொப்பி போட்டுக்கோன்னு சொல்லுங்க. பையனுக்கும் அதையே சொல்லுங்க"ன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு போனை வெச்சுட்டாங்க. கல்யாணத்துக்குப் போனோம், ஃபோட்டோவும் எடுத்தாங்க, நல்லாத்தான் இருந்தா. இந்த வருஷம் மறுபடி நெட்பால்ல சேரலாமான்னு யோசிக்கறேன்னு சொல்லியிருக்கா. யோசிக்கறாளாம். அந்த "யோசிக்கறேன்" தான் எனக்கு இன்னும் எரியுது, கத்தாழைக்கு அடங்காம.

அடுத்த பொங்கலுக்கு அதே பூங்காதான். பானை காலையில ஏழு மணிக்கு ஏத்தணும்னு சங்கத்துல சண்டை போட்டுட்டு இருக்கேன். கிரிக்கெட் சாயங்காலம். பொண்ணு பையன் எல்லாருக்கும் ஒரே முழுக்கை சட்டை, ஒரே தொப்பி. அண்ணாச்சிக்கும் ஒரு தொப்பி வாங்கி வெச்சிருக்கேன். போடலைன்னா நானே மாட்டி விடுவேன்.

பி.கு.: "எங்க தாத்தா 90 வயசு வரைக்கும் வெயில்ல இருந்தாரு, அவருக்கு ஒண்ணும் ஆகல"ன்னு சொல்ல வர்றவங்க, தாத்தா ஃபோட்டோவை ஒரு தடவை எடுத்துப் பாத்துட்டு வாங்க. தலையில முண்டாசு இருக்கும் :-)